பிரியாடிக் டேபிள் குரூப்பை எப்படிப் படிக்கிறது: ஊர்ல இருந்து வந்து செக் 3ல சேந்த பிள்ளைங்க வீட்டுக்கு

என் மக ஊர்ல ஒன்பதாவது முடிச்சுட்டு இங்க சிங்கப்பூர் வந்து செக் 3ல, அதாவது உயர்நிலை மூணுல, சேந்தா. வெளிநாட்டுப் பிள்ளைங்க இங்க ஸ்கூல்ல சேர எழுதுற ஏஇஐஎஸ் பரீட்சைல இங்கிலீஷும் மேத்ஸும் மட்டும்தான், அதுக்காக ராப்பகலா படிச்சு சீட்டும் கெடைச்சிடுச்சு, ஆனா சயின்ஸ் எந்த அளவுக்குத் தெரியும்னு அதுல பாக்குறதில்ல, அதனால கெமிஸ்ட்ரில எங்க ஓட்டை இருக்குன்னு டபிள்யூஏ 2ங்கற ஸ்கூல் டெஸ்ட் பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் எங்களுக்குத் தெரியவே இல்ல. 30க்கு 9. போன மார்க்குல பாதிக்கு மேல பிரியாடிக் டேபிள் (தனிம வரிசை அட்டவணை) கேள்வில.

நான் தமிழ் மீடியம், பிளஸ் டூல கெமிஸ்ட்ரி படிச்சவ. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்னு ஒண்ணுல இருந்து மனப்பாடம் பண்றதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அதையே அவளையும் பண்ண வச்சேன், ரெண்டு மாசம் தினமும் காலைல பஸ் ஸ்டாப் போற வழியில 40 தனிமம் ஒப்பிச்சுக்கிட்டே போவா. பரீட்சைல பாத்தா முழு டேபிளையும் கேள்வித்தாளோட கடைசிப் பக்கத்துல அச்சடிச்சே குடுத்துடுறாங்க. அவங்க கேக்குறது வேற: "இந்த எலிமென்ட் இந்த குரூப்ல இருக்கு, அப்போ இதோட குணம் என்னவா இருக்கும், ஏன்?" அந்த ஏன்-க்கு இவகிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம் ஏழெட்டு மாசம் உக்காந்து, தப்புத்தப்பா பண்ணி, காசும் கொஞ்சம் போயி, இப்போ ஒரு வரிசை கெடைச்சிருக்கு. அதை அப்படியே எழுதுறேன். நீங்க இதே வரிசைல போனா மூணு நாலு வாரத்துல முடிச்சிடலாம்.

1. முதல்ல எந்த சிலபஸ்னு பாருங்க, புக்கு அப்புறம் வாங்கலாம்

ஓ லெவல் தனி கெமிஸ்ட்ரின்னா 6092. கம்பைண்ட் சயின்ஸ்னா அதுல கெமிஸ்ட்ரி ஒரு பாதிதான், நம்பரும் வேற. பிள்ளைகிட்ட கேட்டா "கெமிஸ்ட்ரிம்மா"ன்னு மட்டும்தான் சொல்லும், ஸ்கூல் குடுத்த பாடப் பட்டியல எடுத்து நீங்களே பாத்துக்கோங்க. 2024ல செக் 1 சேந்த பிள்ளைங்க 2027ல எழுதப்போறது ஓ லெவல் இல்ல, எஸ்இசின்னு புதுச் சான்றிதழ், அவங்க ஜி3, ஜி2ன்னு லெவல் பாத்து எடுக்கணும். குரூப் பத்தின அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஆனா எவ்ளோ ஆழம் வேணும்ங்கறது மாறும்.

சிலபஸ் பிடிஎஃப் தேர்வு வாரியத்தோட சைட்ல இலவசமா இருக்கு. பரீட்சை எழுதப்போற வருஷம் எதுவோ அந்த வருஷத்து பிடிஎஃப் எடுக்கணும், இந்த வருஷத்தோடது இல்ல. இதுல நாங்க ஏமாந்தோம், செக் 3ல இருக்கும்போது அந்த வருஷத்தோடத பிரின்ட் போட்டு கோடு கோடா அடிச்சு வச்சிருந்தோம், அவ எழுதப்போறது அடுத்த வருஷத்தோடது.

2. சேத்து வைக்க வேண்டிய பேப்பர், ஆகுற செலவு

நாலே நாலு போதும். சிலபஸ்ல பிரியாடிக் டேபிள் வர்ற பக்கங்கள். பரீட்சைல குடுக்குற அதே டேபிள், கறுப்பு வெள்ளைல, மூணு காப்பி. ஸ்கூல் நோட்ஸ். அப்புறம் டென் இயர் சீரிஸ், அதாவது பழைய பரீட்சைக் கேள்வித் தொகுப்பு, அதுல தலைப்பு வாரியா பிரிச்சதும் இருக்கும் வருஷ வாரியா போட்டதும் இருக்கும், இப்போதைக்குத் தலைப்பு வாரியா இருக்குறத வாங்குங்க. பாப்புலர் புத்தகக் கடைல கெடைக்கும், நான் வாங்கினப்போ 10 வெள்ளிக்குள்ளதான் (சிங்கப்பூர் டாலர்) ஆச்சு. பிரின்ட் செலவு சில்லறைக் காசு. நூலகத்துல உக்காந்து படிக்கிறதுக்கு யாருக்கும் காசு இல்ல, வெளிநாட்டுப் பாஸ்ல இருக்குறவங்க புக்கை வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னா மட்டும் உறுப்பினர் கட்டணம் கட்டணும்.

கவனமா இருக்க வேண்டியது பழைய புக்குல. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல பழைய புக்கு கம்மி விலைல கெடைக்கும், நானும் ஆசையா மூணு வாங்கிட்டு வந்தேன், அதுல குரூப் எல்லாம் ரோமன் எண்ல போட்டிருந்துச்சு. குளோரின் இருக்குற வரிசை ரோமன் ஏழு, மந்த வாயு வரிசை குரூப் 0. இப்போ இருக்குற சிலபஸ்ல அது 17, 18. ஊர்ல நம்ம காலத்துல ஏழு ஏ, ஒண்ணு ஏன்னு படிச்சோம், அது இன்னொரு கணக்கு. இதுக்கு நடுவுல ஐஜிசிஎஸ்இங்கற வேற பரீட்சையோட நோட்ஸ்ல மந்த வாயுவ ரோமன் எட்டுன்னு போடுவாங்க. ஆக ஒரே வரிசைக்கு 0, 8, 18னு மூணு பேரு, பிள்ளை குழம்பிப்போயி நிக்குது. புக்கு வாங்குறதுக்கு முன்னாடி டேபிள் பக்கத்தப் பொரட்டி மேல 1ல இருந்து 18 வரைக்கும் நம்பர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா வச்சிட்டு வந்துடுங்க.

சுவத்துல ஒட்டுற கலர் சார்ட்டும் வாங்காதீங்க, குறைஞ்சது முதல் மாசத்துக்கு. நான் 12 வெள்ளி குடுத்து ஒண்ணு வாங்கினேன், அதுல சோடியம் ஒரு கலர், இரும்பு ஒரு கலர், கார்பன் ஒரு கலர். என் மக கலர்தான் குரூப்புன்னு நெனச்சுக்கிட்டா. கலர் காட்டுறது எது மெட்டல், எது நான்மெட்டல், எந்த வகைன்னு, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்பனும் சிலிக்கானும் ஒரே குரூப், ஆனா நெறைய சார்ட்ல வேற வேற கலர். குரூப்னா மேலருந்து கீழ போற நெடுவரிசை, அவ்ளோதான், கலருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பரீட்சைல வர்றதும் கறுப்பு வெள்ளைதான்.

3. ஒரு கட்டத்த எப்படிப் படிக்கிறது

இதைத் தாண்டிப் போகாதீங்க, பத்து நிமிஷ வேலை. பரீட்சை டேபிள்ல ஒவ்வொரு கட்டத்துலயும் மேல இருக்குறது புரோட்டான் நம்பர், நடுவுல குறியீடும் பேரும், கீழ இருக்குறது ரிலேட்டிவ் அட்டாமிக் மாஸ் (ஒப்பு அணு நிறை). வெளியில வாங்குற சார்ட்ல இது இடம் மாறி இருக்கும், மேல மாஸ் கீழ நம்பர்னு. அதைப் பாத்துப் பழகின பிள்ளை பரீட்சைல குளோரினுக்கு 17 எலக்ட்ரான் போடுறதுக்குப் பதிலா 35.5ஐப் பாத்துட்டு முழிக்கும்.

டேபிள அடுக்கினது புரோட்டான் நம்பர் வரிசைல. மாஸ் வரிசைல இல்ல. ஆர்கானுக்கு மாஸ் கிட்டத்தட்ட 40, பொட்டாசியத்துக்கு 39, ஆனாலும் ஆர்கான் 18ஆவது, பொட்டாசியம் 19ஆவது. மாஸ வச்சு மாத்திப் போட்டா ஆர்கான் போயி சோடியத்துக்குக் கீழ உக்காரும், ஒண்ணோடும் வினை புரியாத வாயு தண்ணியில போட்டா தீப்பிடிக்கிற மெட்டல் கூட்டத்துல எப்படி இருக்கும்? இத ஒருதடவ பிள்ளைகிட்ட கேளுங்க, குரூப்னா என்னன்னு அங்கயே பாதி புரிஞ்சிடும்.

குறியீடு பத்தி ஒரு வார்த்தை. சோடியத்துக்கு என்ஏ, பொட்டாசியத்துக்கு வெறும் கே, இரும்புக்கு எஃப்இ, ஈயத்துக்கு பிபி, வெள்ளீயத்துக்கு எஸ்என், வெள்ளிக்கு ஏஜி. இங்கிலீஷ் பேரோட ஒட்டாத இந்த மாதிரி பத்துப் பன்னெண்டு மட்டும் எழுதிப் பாத்தாப் போதும், மத்தது எல்லாம் பேரோட முதல் எழுத்துலயே பிடிபடும்.

4. பிளாக்கும் ஸ்டாக்கும்: குரூப், பீரியட்

எனக்கு இது எப்படி வெளங்கிச்சுன்னா நம்ம வீட்ட வச்சுத்தான். எச்டிபி பிளாக்குல, அதாவது அரசு அடுக்குமாடில, நம்ம வீடு 07-112ன்னா மேல 08-112, கீழ 06-112. அந்த ஸ்டாக்ல இருக்குற அத்தனை வீட்டுக்கும் சமையக்கட்டு ஒரே மூலைல, ஜன்னல் ஒரே பக்கம். மாடி மாறும், அமைப்பு மாறாது. குரூப் அதுதான், ஸ்டாக். பீரியட்ங்கறது மாடி. ஊர்ப் பாடப்புத்தகத்துல குரூப்ப தொகுதின்னும் பீரியட தொடர்னும் சொல்லுவாங்க, நீங்க தமிழ்ல படிச்சிருந்தா இந்த ரெண்டையும் முதல்லயே பிள்ளையோட வார்த்தைக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா அவங்க ஒண்ணு சொல்லுவாங்க நீங்க ஒண்ணு சொல்லுவீங்க.

ஒரே வித்தியாசம், இங்க மாடிய மேலருந்து எண்ணணும். உச்சி மாடி பீரியட் 1, அதுல ரெண்டே பேர், ஹைட்ரஜனும் ஹீலியமும். மொத்தம் 7 மாடி, 18 ஸ்டாக், 118 பேர்.

இங்க மூணு இடத்துல பிள்ளைங்க தடுக்கி விழுறாங்க. கீழ தனியா ரெண்டு வரிசை தொங்கும்ல, லான்தனைடு, ஆக்டினைடு, அது 8ஆவது 9ஆவது மாடி இல்ல. 6ஆவது 7ஆவது மாடியச் சேந்தது, பக்கம் பத்தாதுன்னு கீழ எடுத்து வச்சிருக்காங்க. இது ஒண்ணு. அடுத்தது, மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல பெரிய வெத்து இடம் இருக்கு, மெக்னீசியம் குரூப் 2ன்னா அலுமினியம் குரூப் 3ன்னு எழுதிடுவாங்க. அது 13. மேல இருக்குற நம்பரப் பாத்துத்தான் எழுதணும், விரல் விட்டு எண்ணக்கூடாது. மூணாவது ஹைட்ரஜன். அதுக்கும் வெளி ஷெல்ல (எலக்ட்ரான் இருக்குற அடுக்கு) ஒரே எலக்ட்ரான், ஆனா அது மெட்டல் இல்ல, அதனால எந்த ஸ்டாக்லயும் சேக்காம தனியா வச்சிருப்பாங்க. "ஹைட்ரஜன் ஒரு ஆல்கலி மெட்டல்"னு (குரூப் 1 மெட்டலுக்கு அந்தப் பேர்) எழுதினா மார்க் போச்சு.

5. 10ஐக் கழிக்கிற கணக்கு

ஸ்டாக்ல எல்லா வீடும் ஒரே அமைப்பு, சரி, எது அந்த ஒரே அமைப்பு? கடைசி ஷெல்ல எத்தனை எலக்ட்ரான் இருக்குங்கறது. அதுதான் வேலன்ஸ் எலக்ட்ரான். ஒரு அணு இன்னொண்ணோட சேரும்போது வெளியில நிக்கிறது இதுதான், குடுக்குறதும் வாங்குறதும் பங்கு போடுறதும் இதுதான், அதனால இது ஒண்ணா இருந்தா குணமும் ஒண்ணா இருக்கு. இந்த ஒரு வரி புரிஞ்சா மத்த எல்லாமே இதுல இருந்து வந்துடும், நாங்க ரெண்டு மாசம் வீணாக்கினது இந்த வரியத் தெரியாமத்தான்.

கணக்கு சுலபம். குரூப் 1ன்னா 1, குரூப் 2ன்னா 2. 13ல இருந்து 18 வரைக்கும் 10ஐக் கழிக்கணும்: 13க்கு 3, 14க்கு 4, 15க்கு 5, 16க்கு 6, 17க்கு 7, 18க்கு 8. நடுவுல டிரான்சிஷன் மெட்டல்ஸ் 3ல இருந்து 12 வரைக்கும் பத்து வரிசை புகுந்திருக்கு, அந்தப் பத்தத்தான் கழிக்கிறோம். ஹீலியம் மட்டும் விதிவிலக்கு, குரூப் 18ல இருந்தாலும் அதுக்கு 2 தான், ஏன்னா முதல் ஷெல்ல ரெண்டு பேருக்குத்தான் இடம், ரெண்டு வந்தாலே நெறைஞ்சிடும். 10ஐக் கழிச்சு ஹீலியத்துக்கு 8 போடுறது ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு.

மாடி நம்பர் எத்தனையோ அத்தனை ஷெல். பாஸ்பரஸ் 2.8.5, அதாவது ஷெல் வாரியா எலக்ட்ரான் எண்ணிக்கை, மூணு ஷெல், அதனால பீரியட் 3, கடைசில 5, அதனால குரூப் 15. பொட்டாசியம் 2.8.8.1, பீரியட் 4, குரூப் 1. இத முன்னாடியும் பின்னாடியும் போட்டுப் பழகணும், அதாவது எலக்ட்ரான் அமைப்பு குடுத்தா இடத்தச் சொல்லணும், இடம் குடுத்தா அமைப்ப எழுதணும். 20ஆவது கால்சியம் வரைக்கும் போதும். ஒரு நாளைக்கு ஐஞ்சு, நாலே நாள்ல முடிஞ்சிடும்.

அயனி சார்ஜும் இதுல இருந்தே வரும். குரூப் 1 ஒண்ணு இழந்து பிளஸ் ஒண்ணு, குரூப் 2 பிளஸ் ரெண்டு, குரூப் 16 ரெண்டு வாங்கி மைனஸ் ரெண்டு, 17 மைனஸ் ஒண்ணு. ஃபார்முலா எழுதத் தெரியாம இருந்த பிள்ளைக்கு இதுலயே பாதி ஃபார்முலா வந்துடுச்சு.

6. குரூப் 1, இதுல நேரம் செலவழிங்க

18 ஸ்டாக்கையும் படிக்க வேண்டாம். ஆழமா வேண்டியது 1, 17, 18, அப்புறம் நடுவுல இருக்குற மெட்டல்ஸ் கூட்டமா. ஒரு ஸ்டாக்குக்கு ஒரு சனி ஞாயிறு ஒதுக்குங்க.

குரூப் 1 லித்தியம், சோடியம், பொட்டாசியம், அதுக்குக் கீழ ருபீடியம், சீசியம், ஃபிரான்சியம். மெட்டல்தான், ஆனா கத்தியால வெட்டலாம், அவ்ளோ மெத்து. முதல் மூணும், லித்தியம், சோடியம், பொட்டாசியம், தண்ணியில மிதக்கும். உருகுநிலை கீழ போகப் போகக் குறையும்: லித்தியம் 181 டிகிரி, சோடியம் 98, பொட்டாசியம் 63, ருபீடியம் 39, சீசியம் 28.5. இந்த நம்பர் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், போக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும், ஆனா கடைசி நம்பர என் மக மறக்கவே மாட்டா, ஏன்னா சிங்கப்பூர் மத்தியான வெயில் 31, 32 டிகிரி, சீசியத்தக் கண்ணாடிக் குப்பில அடைச்சு பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல வச்சா அது தண்ணி மாதிரி உருகி இருக்கும்.

வினைத்திறன் இதுக்கு நேர் எதிர், கீழ போகப் போகக் கூடும். தண்ணியில போட்டா லித்தியம் நிதானமா நுரைக்கும், சோடியம் உருகி உருண்டையாகி அங்கயும் இங்கயும் ஓடும், பொட்டாசியம் இளம் ஊதா நிறத்துல தீப்பிடிக்கும். மூணுலயும் வர்றது ஹைட்ரஜன் வாயுவும், அந்த மெட்டலோட ஹைட்ராக்சைடும். அந்தக் கரைசல் காரத்தன்மை, ஆல்கலி மெட்டல்னு பேர் வந்தது அதனாலதான்.

ஏன் கூடுது? கீழ போகப் போக ஒரு ஷெல் கூடுது, அணு பெருசாகுது, அந்தக் கடைசி ஒத்த எலக்ட்ரான் நியூக்ளியஸ (அணுக்கரு) விட்டுத் தூரமாப் போகுது, ஈர்ப்பு கொறையுது, சுலபமா கழண்டுக்குது. விடைல இந்தப் படி எல்லாம் வரிசையா இருக்கணும். என் மக "பொட்டாசியம் பெருசு, அதனால ரியாக்டிவ்"னு எழுதி 3 மார்க்ல 1 வாங்கிட்டு வந்தா. சொன்னது தப்பில்ல, நடுவுல இருக்குற படி எல்லாம் காணோம்.

அவ ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டா, "சோடியம் தண்ணியில போட்டா இப்படி ஆகும்னா உப்பு ஏம்மா ரசத்துல சும்மா கரையுது?" நல்ல கேள்வி, எனக்கும் உடனே சொல்ல வரல. உப்புல இருக்குறது சோடியம் அயனி, அந்த ஒத்த எலக்ட்ரான ஏற்கனவே குளோரினுக்குக் குடுத்தாச்சு, இனி குடுக்க ஒண்ணும் இல்ல, அதான் அமைதியா இருக்கு. உங்க பிள்ளையும் இதக் கேட்டா அன்னைக்கு வேற பாடம் எடுக்காதீங்க, இதையே பேசுங்க. அணுவுக்கும் அயனிக்கும் வித்தியாசம் இப்படிப் புரிஞ்சாத்தான் குரூப் 17 புரியும்.

7. குரூப் 17, மார்க் போற இடம்

ஹாலஜன்ஸ். குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு, புரோமின் செங்காவி நிற திரவம், அயோடின் கறுப்பான திடப்பொருள், சூடு பண்ணினா ஊதாப் புகை. எல்லாம் ரெண்டு ரெண்டு அணுவாச் சேந்து இருக்கும். கொதிநிலை கீழ போகப் போகக் கூடுது, குளோரின் மைனஸ் 34, புரோமின் 59, அயோடின் 184. கவனிங்க, குரூப் 1ல உருகுநிலை கீழ போனா குறையுது, இங்க கூடுது. வினைத்திறனும் தலைகீழ், அங்க கீழ போனா கூடும், இங்க கீழ போனா குறையும். குரூப் 1ல எலக்ட்ரான் குடுக்கணும், தூரமா இருந்தா குடுக்கச் சுலபம். இங்க வெளியில இருந்து ஒண்ண வாங்கணும், ஷெல் கூடக் கூட நியூக்ளியஸ் தூரமாப் போயிடுது, இழுக்கச் சிரமம். ஒரே காரணம், ரெண்டு பலன். ரெண்டையும் தனித்தனியா ஒப்பிக்கவே கூடாது.

டிஸ்பிளேஸ்மென்ட் கேள்வி கிட்டத்தட்ட எல்லா டெஸ்ட்லயும் பாத்தேன். மேல இருக்குற ஹாலஜன் கீழ இருக்குறத அதோட உப்புக் கரைசல்ல இருந்து வெளிய தள்ளும். பொட்டாசியம் புரோமைடு கரைசல்ல குளோரின விட்டா நிறமில்லாத கரைசல் செங்காவி நிறமா மாறும், அது புரோமின் வெளிய வந்தது. அயோடின அதே கரைசல்ல விட்டா தள்ளாது.

இதுல என் மக இழந்த மார்க்க எல்லாம் ஒரு ஃபூல்ஸ்கேப் பேப்பர்ல எழுதி வச்சிருக்கோம். புரோமைடுன்னு எழுத வேண்டிய இடத்துல புரோமின்னு எழுதினது, குளோரைடு அயனிக்கு குளோரின்னு எழுதினது, இது ரெண்டும் வேற வேற பொருள், குளோரின் நீச்சல் குளத்துத் தண்ணிக்குப் போடுறது, குளோரைடு சாப்பாட்டு உப்புல இருக்குறது. நிறமில்லாததுக்கு கிளியர்னு எழுதினது, அது கலர்லெஸ்னுதான் இருக்கணும், கிளியர்னா உள்ள பாத்தா தெரியுதுன்னு மட்டும்தான் அர்த்தம், நீலக் கரைசல்கூட கிளியரா இருக்கலாம். என்ன பாத்தேன்னு கேட்ட இடத்துல "நோ ரியாக்‌ஷன்"னு எழுதினது, கண்ணால பாத்ததக் கேட்டா விசிபிளா மாற்றம் எதுவும் தெரியலன்னு எழுதணும், வினை நடக்கலங்கறது நாம எடுக்குற முடிவு. நீங்களும் இந்த மாதிரி ஒரு பேப்பர் வைங்க. எந்த அசெஸ்மென்ட் புக்க விடவும் அதுதான் எங்களுக்கு உதவிச்சு.

8. குரூப் 18, அப்புறம் நடுவுல இருக்குறவங்க

18 சுருக்கமா போதும். வெளி ஷெல் நெறைஞ்சிருக்கு, குடுக்கவும் வேணாம் வாங்கவும் வேணாம், அதனால தனித்தனி அணுவா இருக்கும். ஹீலியம் பலூன்ல. ஆர்கான் வெல்டிங்ல, துவாஸ் பக்கம் யார்டுல வெல்டிங் பாக்குற தம்பி யாராவது தெரிஞ்சா கேளுங்க, காத்துல இருக்குற ஆக்சிஜன் சூடான மெட்டல் மேல படாம காக்குறதுக்குத்தான் ஆர்கான விடுறாங்க. ஏன் ஆர்கான்னு கேள்வி வந்தா "இனர்ட்"னு ஒத்த வார்த்தைல நிறுத்தாம, வெளி ஷெல் நெறைஞ்சிருக்குன்னும் சேத்து எழுதணும்.

டிரான்சிஷன் மெட்டல்ஸ்க்கு ஸ்டாக் ஸ்டாக்கா போக வேண்டாம், கூட்டமா நாலு குணம்: உருகுநிலை அதிகம், அடர்த்தி அதிகம், கூட்டுப்பொருள் கலரா இருக்கும், ஒண்ணுக்கு மேல சார்ஜ் எடுக்கும். கூடவே கேட்டலிஸ்ட் (வினையூக்கி) வேலை, அம்மோனியா தயாரிக்க இரும்பு, மார்ஜரின் தயாரிக்க நிக்கல். இரும்பு பிளஸ் ரெண்டுன்னா ஹைட்ராக்சைடு வீழ்படிவு பச்சை, பிளஸ் மூணுன்னா செங்காவி, காப்பர் இளநீலம். இது பிராக்டிகல் பேப்பர்லயும் அப்படியே வரும், அதனால ஒரே நேரத்துல ரெண்டுக்கும் படிச்ச மாதிரி.

பீரியட்ல இடமிருந்து வலம் போனா மெட்டல்ல இருந்து நான்மெட்டலா மாறும். நடுவுல படிக்கட்டு மாதிரி ஒரு கோடு, அதை ஒட்டி போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்செனிக். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கம் வேஃபர் ஃபேப்ல வேலை செய்ற அப்பா அம்மா நெறைய பேர் இருப்பீங்க, சிலிக்கான் ஏன் அரைக்கடத்தின்னு நீங்களே பிள்ளைக்குச் சொல்லலாம். ஆக்சைடும் இதே திசைல மாறும், சோடியம் ஆக்சைடு பேசிக் (காரத்தன்மை), அலுமினியம் ஆக்சைடு ஆம்ஃபோட்டெரிக் (ரெண்டு தன்மையும்), சல்ஃபர் டை ஆக்சைடு அசிடிக் (அமிலத்தன்மை).

9. டியூஷன் சேக்குறதுக்கு முன்னாடி

நாங்க ஒரு சென்டர்ல சேத்தோம், மாசம் 280 வெள்ளி, ஒரு மாச டெபாசிட், மெட்டீரியலுக்குத் தனியா 40. அஞ்சாவது வாரம்தான் தெரிஞ்சுது அவங்க குடுத்த நோட்ஸ் ஐஜிசிஎஸ்இக்குத் தயார் பண்ணது, ரோமன் எண், மந்த வாயுக்கு குரூப் எட்டு. நிறுத்துறோம்னு சொன்னா ஒரு மாசம் முன்கூட்டியே எழுத்துல சொல்லியிருக்கணும்னு டெபாசிட்டப் பிடிச்சிட்டாங்க. அதனால சேக்குறதுக்கு முன்னாடி சிலபஸ் நம்பர் கேளுங்க, ஒரு வாரத்து நோட்ஸக் கண்ணால பாருங்க, நிறுத்துறதுக்கு என்ன விதின்னு எழுத்துல வாங்குங்க.

குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரவாசம்) இருக்குற இந்தியக் குடும்பம்னா, இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் சிண்டாவோட ஸ்டெப் டியூஷன் வகுப்பப் பாருங்க, வெளிய விட செலவு ரொம்பக் கம்மி. எந்த லெவலுக்கு எந்தப் பாடம் நடத்துறாங்க, எந்த மையத்துல இடம் இருக்குன்னு முதல்லயே கேட்டுக்கோங்க. போகும்போது பிள்ளையோட அடையாள ஆவணம், கடைசி ரிசல்ட் ஸ்லிப், வருமானச் சான்று எல்லாம் கைல இருந்தா ரெண்டு நடை மிச்சம்.

அதுக்கும் முன்னாடி ஸ்கூல் டீச்சர். கன்சல்டேஷனுக்கு வரலாமான்னு பிள்ளையவே கேக்கச் சொல்லுங்க. என் மக கூச்சப்பட்டு ஆறு மாசம் போகல, போன முதல் நாளே அந்த டீச்சர் முக்கால் மணி நேரம் உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க, ஒரு காசு செலவில்ல.

10. எப்போ ஆரம்பிக்கிறது, எப்படி முடிக்கிறது

ஸ்கூல்ல இந்தப் பாடம் எப்போ வரும்ங்கறது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், சில இடத்துல செக் 3 கடைசில, சில இடத்துல செக் 4ல. நீங்க செக் 3 ஜூன் லீவுலயே முதல் அஞ்சு படிய முடிச்சிடுங்க, ஏன்னா பாண்டிங் (அணு சேர்ற விதம்), ஃபார்முலா எல்லாம் இதை நம்பித்தான் போகுது. 6, 7, 8 மூணையும் பாடம் வர்ற சமயத்துல வாரம் ஒண்ணா. ஒரு நாளைக்கு 25 நிமிஷம் போதும், அதுக்கு மேல உக்கார வச்சா என் மகளுக்கு எதுவும் ஏறல. ஸ்கூல் வைக்கிற பிரிலிம் பரீட்சை ஆகஸ்ட் செப்டம்பர்ல வந்துடும், எழுத்துப் பரீட்சை அக்டோபர் நவம்பர், அதனால தலைப்பு வாரி டென் இயர் சீரிஸ்ல இந்தப் பாடத்து கேள்விகள ஜூலைக்குள்ள ஒரு தடவ முழுசா போட்டு முடிச்சிடணும்.

தனி கெமிஸ்ட்ரில பேப்பர் 1 ஒரு மணி நேரத்துல 40 கேள்வி, மொத்த மார்க்ல 30 சதவீதம். பேப்பர் 2 ஒண்ணே முக்கால் மணி நேரம், 50 சதவீதம். பிராக்டிகல் 20. பேப்பர் 1ல ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான், அதுல கடைசிப் பக்கத்தப் பொரட்டிப் பொரட்டி வந்தா நேரம் ஓடிடும். என் மக ஒரு பழக்கம் வச்சிருக்கா, பரீட்சை ஆரம்பிக்கலாம்னு சொன்ன உடனே கடைசிப் பக்கத்துக்குப் போயி பென்சில்ல 1, 2, அப்புறம் 13ல இருந்து 18 வரைக்கும் ஒவ்வொண்ணு மேலயும் 3, 4, 5, 6, 7, 8னு வேலன்ஸ் எலக்ட்ரான எழுதிடுவா, ஹீலியத்து மேல தனியா 2, படிக்கட்டுக் கோட்ட அழுத்தி ஒரு தடவ இழுத்துவிட்டுட்டு, அதுக்கப்புறம்தான் முதல் கேள்வி. வீட்டுல டெஸ்ட் போடும்போதே இதச் செய்யச் சொல்லுங்க, மூணு காப்பி பிரின்ட் எடுக்கச் சொன்னது அதுக்குத்தான்.